எந்தப் படியைப் பார்த்தீர்கள்?

சென்ற மாதம் மும்பையில் நடந்த ஒரு கருத்தரங்கில் ‘நாயகன்’ படத்தின் நிறங்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரையொன்று வாசிக்கப்பட்டது. வாசித்தவர் திறமையானவர், கோட்பாட்டு நூல்களை ஊன்றிப் படித்தவர் என்பது பத்திக்குப் பத்தி தெரிந்தது. படத்தின் முற்பகுதியில் தாராவிக் குடிசைகளின் மேல் படர்ந்திருக்கும் செம்பழுப்பு, ஊரைவிட்டு வந்தவனின் நினைவேக்கத்தைக் குறிக்கிறது என்பது அவருடைய வாதம். அவர் திரையிட்ட ஸ்கிரீன்ஷாட்களின் மூலையில் ஒரு யூடியூப் சேனலின் முத்திரை இருந்தது. கேள்வி நேரத்தில் எழுந்து, “எந்தப் படியைப் பார்த்தீர்கள்?” என்று கேட்டேன். கேள்வி அவருக்கு விளங்கவில்லை. மறுபடி கேட்டபோது, “யூடியூபில் இருப்பதுதான். நல்ல பிரிண்ட்” என்றார். அமர்வுத் தலைவர் நேரமாகிவிட்டது என்றார். தேநீர் இடைவேளையில் இருவர் என்னிடம் வந்து, ஆண்டுக்கொரு முறை கிடைக்கும் தமிழ் அமர்வில் இப்படிச் சில்லறைக் கேள்வி கேட்கலாமா என்று கடிந்துகொண்டார்கள்.

அது சில்லறைக் கேள்வி இல்லை என்பதைச் சொல்லவே இப்பதிவு. நீளமாக இருக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ‘நல்ல பிரிண்ட்’. மொழியியல் படித்தவனுக்கு இச்சொல்லைக் கடந்துபோக முடியாது. பிரிண்ட் என்பது ஒரு காலத்தில் கையில் தூக்கக்கூடிய பொருள். நெகட்டிவிலிருந்து லேபில் எடுக்கப்பட்டு, தகரப் பெட்டியில் அடைத்து, ரயிலேறி, மாதுங்கா அரோராவுக்கோ மதுரைக்கோ வந்து சேர்ந்த சுருள். அதற்கு எண் உண்டு, ஓடிய ஊர்களின் வரலாறு உண்டு, தேய்மானம் உண்டு. வீடியோ கேசட் வந்த பிறகு அச்சொல் கேசட்டுக்குத் தாவிற்று. திருட்டு விசிடிக் காலத்தில் ‘கேமரா பிரிண்ட்’, ‘ஒரிஜினல் பிரிண்ட்’ என்று இரு சாதிகளாகப் பிரிந்தது. இன்று சுருளே இல்லாத ஒரு கோப்பைப் பார்த்து ‘ஹெச்டி பிரிண்ட்’ என்கிறோம். எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்ன சொல், எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும் சொல்லாகச் சுருங்கிவிட்டது. சொற்பொருள் மாறுவது இயல்பு, அதில் எனக்குப் புகாரில்லை. ஆனால் பொருள் மாறியதை உணராமல் அதை ஆதாரமாக ஆய்வுக்குள் கொண்டுவருவதில் புகார் உண்டு.

இதே அவையில் ஒருவர் சீவக சிந்தாமணியைப் பற்றிப் பேசி, எந்தப் பதிப்பு என்று கேட்டதற்கு ‘நல்ல எழுத்து, பெரிய அச்சு’ என்று பதில் சொன்னால் என்ன நடந்திருக்கும்? சிரித்திருப்பார்கள். 1887இல் உ.வே.சாமிநாதையர் அந்நூலைப் பதிப்பித்தபோது ஏடு ஏடாகத் தேடி, ஒப்பிட்டு, பாடபேதம் குறித்து, ஏடு தந்தவர்களையும் முகவுரையில் பதிவு செய்தார். அந்த மரபில் வந்தவர்கள் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். சினிமா என்றதும் கையில் கிடைத்த முதல் ஏடே மூலம் என்று நம்பிவிடுகிறோம். ஓலையைச் செல்லரித்தால் எழுத்து காணாமல் போகும். எழுத்து இல்லாத இடம் கண்ணுக்குத் தெரியும். நிறத்தைக் காலம் அரித்தால் அந்த இடத்தில் வேறொரு நிறம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாம் அதற்குப் பொருள் கண்டுபிடிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

எப்படி வந்து உட்காருகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். வண்ணப் பிரதிச் சுருளில் உலோக வெள்ளி இல்லை. கழுவும்போது அது வெளியேறிவிடும். எஞ்சுவது மூன்று சாயங்கள்: சயான், மெஜந்தா, மஞ்சள். ஈஸ்ட்மன்கலர் முறைச் சுருள்கள் 1950 முதல் உலகெங்கும் பரவின. மலிவு, எளிமை, ஆனால் ஆயுள் குறைவு. இருட்டில் மூடிவைத்திருந்தாலும் வெப்பமும் ஈரமும் சாயத்தைத் தின்னும். அதிலும் சயான்தான் முதலில் போகும். கறுப்பு என்பது மூன்று சாயமும் சேர்ந்தது. சயான் குறைந்தால் அது செம்பழுப்பாகும். நீலம் என்பது சயானும் மெஜந்தாவும். சயான் போனால் இளஞ்சிவப்பு. சிவப்பு மட்டும் ஏறத்தாழ அப்படியே நிற்கும், ஏனெனில் அதில் சயானுக்கு வேலையில்லை. 1980களின் தொடக்கத்தில் மங்கல் குறைந்த பிரதிச் சுருள்கள் வந்தன. ஆனால் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ உட்பட என்ன கிடைத்ததோ அதில் படமெடுத்த நாடு இது. எந்தப் பிரதி எந்தச் சுருளில் எடுக்கப்பட்டது என்பது பிரதிக்குப் பிரதி கேட்க வேண்டிய கேள்வி.

செம்பூரில் என் பெரியப்பா வீட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. சிறுவயதில் தியேட்டர் வாசலில் பொறுக்கிய பிலிம் துண்டுகள். சட்டையில் லென்ஸ் வைத்து, கண்ணாடியில் வெயிலைத் திருப்பிச் சுவரில் படம் காட்டிய தலைமுறை அவர். சென்ற தீபாவளிக்குப் போனபோது அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வானம் ரோஜா நிறம், தென்னை செம்பழுப்பு, கதாநாயகியின் முகம் தர்ப்பூசணி. எந்தப் படங்கள் என்று அவருக்கே நினைவில்லை. இவற்றை அப்படியே ஸ்கேன் செய்து ஏற்றினால், எழுபதுகளின் தமிழ் சினிமாவில் சிவப்பின் அரசியல் என்று முனைவர் பட்டமே வாங்கலாம்.

கருத்தரங்கில் கண்ட செம்பழுப்பு இந்த வகையா, பி.சி.ஸ்ரீராம் திட்டமிட்டு வைத்ததா? எனக்குத் தெரியாது. 1987இல் வெளிவந்து, ஒளிப்பதிவுக்கும் கலை இயக்கத்துக்கும் நடிப்புக்கும் தேசிய விருது பெற்ற படம் அது. குறைந்த வெளிச்சத்தில், பின்னொளியில், பாதி முகத்தை இருட்டில் விட்டு எடுத்த ஒளிப்பதிவாளருக்குப் பழுப்பின் மேல் விருப்பம் இருந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. ஆகவே கட்டுரையாளர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். சரியா என்று சோதிக்க அவர் வழி வைக்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

“தாராவிக்குப் போய்ப் பாருங்கள், சுவரெல்லாம் அந்த நிறம்தான்” என்று அவைக்குள்ளிருந்து ஒருவர் அவருக்குத் துணைக்கு வந்தார். இதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. படத்தில் நாம் பார்க்கும் தாராவியின் பெரும்பகுதி சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் தோட்டா தரணி எழுப்பிய அரங்கு. தொண்ணூறடிச் சாலையில் எத்தனை நாள் நடந்தாலும் அந்தச் சுவரைப் பார்க்க முடியாது. அது இடிக்கப்பட்டுவிட்டது. அந்தச் சுவருக்கு இன்று இருக்கும் ஒரே சாட்சி சுருள்தான். சுருளைப் பற்றிக் கேட்டால் அது சில்லறைக் கேள்வி.

சரி, வீட்டில் உட்கார்ந்து ஒரு படியின் தரத்தை எப்படி எடைபோடுவது? ‘தெளிவாக இருக்கிறது’, ‘கலர் தூக்கலாக இருக்கிறது’ என்பவை எடை அல்ல. நம் மதிப்புரைகளில் இவ்விரண்டைத் தவிர வேறு சொற்கள் அகப்படுவது அரிது. ஆனால் படியே தன் பிறப்பைப் பல இடங்களில் சொல்லிக்கொண்டிருக்கிறது, படிக்கத் தெரிந்தால்.

ஏறத்தாழ இருபது நிமிடத்துக்கொரு முறை சட்டகத்தின் வலது மேல்மூலையில் ஒரு வட்டப்புள்ளி மின்னி மறைகிறதா? அது ஆபரேட்டருக்கு ரீல் மாற்றச் சொல்லும் அடையாளம். அது தெரிந்தால் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் தியேட்டர் பிரதியிலிருந்து எடுத்தது, நெகட்டிவிலிருந்து அல்ல. தூசி வெள்ளையாகத் தெரிந்தால் அது நெகட்டிவில் ஒட்டியிருந்தது. கறுப்பாகத் தெரிந்தால் பிரதியில் ஒட்டியது. சட்டகத்தின் மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடு ஓடினால், பிரதியின் மேலடுக்கான மெஜந்தா உரிந்திருக்கிறது என்று பொருள். ஒரு ரீல் முடிந்து மறுரீல் தொடங்கும்போது அதே அறை, அதே விளக்கு, அதே வேட்டி வேறு நிறத்துக்குத் தாவினால், மங்கிய அளவு ரீலுக்கு ரீல் வேறுபட்ட பிரதிகளை ஒட்டவைத்திருக்கலாம். ஏடு பெயர்த்தெழுதியவனின் பிழையிலிருந்து ஏட்டின் கால்வழியைக் கண்டுபிடிப்பதைப் போன்ற வேலை இது, நமக்குப் புதிதல்ல.

வேட்டியைக் குறிப்பாகச் சொல்கிறேன். வெள்ளை வேட்டி தமிழ் சினிமா நமக்கு இலவசமாகத் தந்திருக்கும் அளவுகோல். மண்ணெண்ணெய் விளக்கின் கீழ் அது மஞ்சளாக இருந்தால் குறையில்லை, இருக்கத்தான் வேண்டும். நடுப்பகலிலும் நள்ளிரவிலும் கடற்கரையிலும் சாவு வீட்டிலும் ஒரே மஞ்சள் என்றால் அந்த மஞ்சள் காட்சிக்குச் சொந்தமானதல்ல.

மறுபுறம், எல்லாம் ‘சுத்தமாக’ இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். பிலிமில் மணல்போல் அசையும் துகள்தான் படமே. அது படத்தின் மேல் விழுந்த அழுக்கல்ல. மென்பொருளால் அதைத் துடைத்தெடுத்தால் கூடவே கன்னத்தின் துளைகளும் புடவையின் இழையும் போய், முகம் மெழுகாகும். இது நம் ஊர் ஏழ்மை சார்ந்த பிரச்சினையென்று நினைக்க வேண்டாம். 2024இல் ஜேம்ஸ் கேமரனின் ‘ஏலியன்ஸ்’, ‘ட்ரூ லைஸ்’ படங்களின் 4கே வட்டுகள் வந்தபோது இதே மெழுகு முகத்துக்காக உலகெங்கும் திட்டு வாங்கின. ‘4கே’ என்பது குறுக்கே எத்தனை புள்ளிகள் என்று சொல்கிறது; எதை ஸ்கேன் செய்தார்கள், நிறத்தை யார் எதைப் பார்த்து அமைத்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. 2012இல் ‘கர்ணன்’ (1964) டிஜிட்டலில் மீண்டும் வந்து நூறு நாள் ஓடியதிலிருந்து 2023இல் ‘நாயகன்’ மறுபடி திரைக்கு வந்தது வரை, ‘புதுப்பொலிவுடன்’ என்ற ஒரே சொல்லே விளம்பரங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. சதுரத்துக்கு நெருக்கமான பழைய சட்டகத்தை மேலும் கீழும் வெட்டி அகலத்திரையாக்குவதும் அந்தப் பொலிவில் சேர்த்தி. நெற்றி போனாலும் பரவாயில்லை, திரை நிறைந்தால் சரி.

இங்கே எனக்குக் கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். ‘பளிச்’ என்ற சொல் எவர் தோலின் மேல் வேலை செய்கிறது? பழைய படத்தின் இருட்டைத் தூக்கி வெளிச்சமாக்கும்போது முதலில் மாறுவது கரிய முகம். சாம்பல் பூக்கும், அல்லது ரோஜாநிறம் ஏறும். பல பத்தாண்டுகள் புகைப்பட லேப்கள் நிறத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்திய கோடாக்கின் ‘ஷெர்லி’ அட்டைகளில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். தோலுக்கு அதுதான் அளவு. அந்த அளவுக்குள் நம் முகங்களைக் கொண்டுவர நம் ஒளிப்பதிவாளர்கள் போராடினார்கள். பாலுமகேந்திரா ‘முள்ளும் மலரும்’ (1978), ‘மூன்றாம் பிறை’ (1982), ‘வீடு’ (1988) ஆகியவற்றில் இயற்கை வெளிச்சத்தையே நம்பினார்; ‘வீடு’ படத்தின் அர்ச்சனா, ஜன்னல் வெளிச்சத்தில் மாநிறமாகவே நின்றார். அது அழகியல் தேர்வு மட்டுமன்று; சிவப்பே அழகு என்று பவுடர் பூசிக்கொண்டிருந்த ஒரு தொழிலுக்குக் கொடுத்த பதில். தம் படங்களில் சிலவற்றின் நெகட்டிவ்கள் அழிந்துபோனதை அவர் மறைவதற்கு முன் பொதுவெளியில் பலமுறை வருந்திச் சொன்னார். நெகட்டிவ் இல்லாத படத்தின் மிச்சப் பிரதியை எவரோ ஒருவர் பிரைட்னஸைத் திருகி ஏற்றுகிறார். அப்பெண்ணின் தோல் இரண்டு படி வெளுக்கிறது. கீழே ‘சூப்பர் குவாலிட்டி ப்ரோ’ என்று நூறு பேர் நன்றி சொல்கிறார்கள். அப்படியைப் பார்த்துவிட்டுத் தமிழ் சினிமாவில் நிற அரசியல் என்று நாம் கட்டுரை எழுதுகிறோம்.

தாராவிக்கே திரும்புகிறேன். பா.இரஞ்சித்தின் ‘காலா’ (2018) எல்லோரும் மேற்கோள் காட்டும் படம். இறுதிக்காட்சியில் கறுப்பும் சிவப்பும் நீலமும் பொடியாகப் பறக்கும். அவை எந்தெந்த அரசியலின் நிறங்கள் என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. ஒரு கற்பனை செய்து பாருங்கள். அப்படம் 1975இல் எடுக்கப்பட்டு, ஒரே ஒரு மங்கிய ஈஸ்ட்மன்கலர் பிரதி மட்டும் மிஞ்சி, அது அப்படியே இணையத்துக்கு வந்திருந்தால்? மேலே சொன்ன கணக்கின்படி கறுப்பு செம்பழுப்பாகும், நீலம் இளஞ்சிவப்பாகும், சிவப்பு சிவப்பாகவே இருக்கும். பெரியாரும் அம்பேத்கரும் ஓசையின்றிச் செங்கொடியின் கீழ் வந்து சேர்ந்திருப்பார்கள். நம்மவர் ஒருவர் அதை வர்க்க ஒருமைப்பாட்டின் காட்சிப்படிமம் என்று வாசித்திருப்பார். அவரைச் சிரித்து ஒதுக்க முடியாது. கண்ணால் கண்டதைத்தானே எழுதினார்.

‘இயக்குநர் ஒப்புதல் பெற்ற பதிப்பு என்று போட்டிருந்தால் போதுமே’ என்று ஒரு நண்பர் சொன்னார். போதாது. ‘தி பிரெஞ்ச் கனெக்‌ஷன்’ (1971) படத்தின் ப்ளூரே 2009இல் வந்தபோது இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கினே முன்னின்று நிறத்தை வெளுக்கவைத்தார். ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். 2012இல் ராய்ஸ்மனையும் சேர்த்துக்கொண்டு வேறொரு வட்டு வெளியிட வேண்டியதாயிற்று. வோங் கார்-வாய் 2021இல் தம் பழைய படங்களின் தொகுப்பை வெளியிட்டபோது நிறங்கள் மாறின, ஒரு படத்தின் சட்டக அகலமே மாறியது. தாமும் மாறிவிட்டேன், பார்ப்பவர்களும் மாறிவிட்டார்கள் என்று அவர் எழுதினார். அது அவர் உரிமை. ஆசிரியர் தம் நூலைத் திருத்தி மறுபதிப்பு இடுவதைப் போல. ஆனால் திருத்திய பதிப்பை வைத்துக்கொண்டு முதற்பதிப்பைப் பற்றி எழுதக்கூடாது, அவ்வளவுதான். இதற்கு நேர்மாறாக, ‘நாயக’னோடு எப்போதும் சேர்த்துப் பேசப்படும் ‘காட்ஃபாதர்’ (1972). 2008இல் ராபர்ட் ஹாரிஸ் அதைச் சீரமைத்தபோது, மங்காத சாயம் கொண்ட பழைய டெக்னிகலர் பிரதியொன்றை எதிரில் வைத்து, ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸின் கருத்தையும் கேட்டு நிறம் அமைத்தார். இருட்டு இருட்டாகவே இருந்தது. தங்க மஞ்சள் தங்க மஞ்சளாகவே இருந்தது. என்ன செய்தார்கள் என்பது எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. நாம் ஒத்துக்கொள்ளலாம், மறுக்கலாம். இந்தியாவிலும் இது நடக்காமல் இல்லை: ஷியாம் பெனகலின் ‘மந்தன்’ (1976) மும்பையின் ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷனால் சீரமைக்கப்பட்டு 2024இல் கான் விழாவுக்குப் போனபோது, ஒளிப்பதிவாளர் கோவிந்த் நிஹலானி அப்பணியில் உடனிருந்தார். பி.சி.ஸ்ரீராம் நம்மிடையே இருக்கிறார். கேட்க ஆளிருக்கும்போது கேட்காமல் விட்டுவிட்டுப் பிறகு நினைவு மலர் போடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது.

என்மேல் வைக்கப்படும் எதிர்வாதத்தில் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். ‘ப்ளூரே வாங்கவும் ஆவணக்காப்பகம் போகவும் வசதி உள்ளவர்களின் கவலை இது, பத்துக்குப் பத்து அறையில் கைப்பேசியில் படம் பார்க்கும் மாணவனை இது ஆய்வுக்கு வெளியே தள்ளும்.’ நானும் கைப்பேசியில்தான் பெரும்பாலான படங்களைப் பார்த்தேன், அதுவும் நிறத்தைத் தூக்கிக் காட்டும் ‘விவிட்’ அமைப்பில், அப்படியொரு அமைப்பு இருப்பதே தெரியாமல். எந்தப் படியையும் எவரும் பார்க்கலாம், எழுதலாம். எழுதும்போது மூன்று வரி சேர்க்கச் சொல்கிறேன்: எந்த வெளியீடு அல்லது எந்த இணைப்பு, என்று பார்த்தது, படியில் கண்ணில் பட்ட குறிகள் என்ன. முடிந்தால் இன்னொரு படியோடு ஒரு காட்சியையாவது ஒப்பிட்டுப் பாருங்கள். இதற்குப் பணம் வேண்டாம். வசதியற்றவனிடம் கவனத்தைக் கூட எதிர்பார்க்கக்கூடாது என்பதுதான் எனக்குப் பெரிய அவமதிப்பாகப் படுகிறது.

என் கணக்கையும் தீர்த்துவிடுகிறேன். முதுகலை ஆய்வேட்டில் வண்ணச்சொற்களைப் பற்றி எழுதியபோது, ‘பச்சை’ என்ற சொல்லின் எல்லையைக் காட்டத் திரைப்படக் காட்சிகளைத் தகவலாளர்களுக்குக் காட்டினேன். எந்தப் படி என்று நானும் குறிக்கவில்லை. அவர்கள் ‘நீலம்’ என்று சொன்ன இரண்டு இடங்களை அடிக்குறிப்பில் விதிவிலக்கு என்று தள்ளினேன். இன்று அந்தக் கோப்பைத் திறந்தால் அவர்கள் சொன்னதே சரி. நான் சட்டகத்தைப் பார்க்காமல் என் நினைவைப் பார்த்திருக்கிறேன்.

கருத்தரங்கு முடிந்து இரண்டு நாள் கழித்து அக்கட்டுரையாளருக்கு எழுதினேன். கோபித்துக்கொள்ளாமல் உடனே இணைப்பை அனுப்பினார். அழுத்தினால், இக்காணொளி இப்போது கிடைப்பதில்லை என்று வருகிறது. அவருடைய ஏழு ஸ்கிரீன்ஷாட்கள்தான் அந்தப் படியின் மிச்சம். அழித்துவிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன்.